பூச்சாண்டிக்கு இங்கிலீஷ் தெரியுமா?

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரே சண்டை. ஒரு நர்சரிப் பள்ளியில் அக்டோபர் 31 அன்று பிள்ளைகளைக் கறுப்பு உடையில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஹாலோவீனாம், மேல்நாட்டில் பேய் வேஷம் போடுகிற நாள். "நம்ம கலாசாரம் என்னாவது?" என்று ஒரு தாத்தா. "இங்கிலீஷ் எக்ஸ்போஷர் வேண்டாமா அங்கிள்?" என்று ஒரு அம்மா. சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு வாண்டுகளுக்கு வீட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் என்னையும் இழுத்துவிட்டார்கள். அங்கே டைப் செய்து மாளாது, இங்கே எழுதுகிறேன்.

போன வருடம் இப்படி ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். வாடகைக்கு எடுத்த சூனியக்காரி கவுன், பிளாஸ்டிக் மண்டையோடு, ஸ்பீக்கரில் பாட்டு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுத்து, சாக்லேட் கொடுத்து அனுப்பினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் வாயிலிருந்து நான் கேட்ட இங்கிலீஷ் "தேங்க் யூ மிஸ்" மட்டும்தான்.

அதற்காக ஹாலோவீன் பாட்டும் விளையாட்டும் வீண் என்று சொல்ல மாட்டேன். நானே நடத்துகிறேன். ஒருவன் கதவுக்கு வெளியே போவான். டொக் டொக். உள்ளே இருக்கிற கூட்டம் "ஹூ ஆர் யூ?" என்று ராகம் போட்டுக் கேட்கும். வெளியிலிருந்து "ஐ ஆம் எ கோஸ்ட்!" கதவு திறந்ததும் எல்லோரும் அலறிக்கொண்டு ஓடுவார்கள். பிடிபட்டவர் அடுத்த பேய். கோஸ்ட் போய் விட்ச், விட்ச் போய் மான்ஸ்டர். மாறுவது ஒரு சொல்தான். மற்றதெல்லாம் அரை மணி நேரத்தில் நாற்பது தடவையாவது வாயில் புரண்டுவிடும். சும்மா உட்காரவைத்து நாற்பது தடவை சொல்லச் சொல்லிப் பாருங்கள், மூன்றாவதிலேயே ஒன்றுக்கு வருகிறது என்று எழுந்துவிடுவார்கள்.

இந்த வயதில் பேய் என்றால் பூச்சாண்டி. சாப்பிடாவிட்டால் வருவான், தூங்காவிட்டால் வருவான். எப்போதும் பயப்படுகிற பக்கத்திலேயே இருந்தவர்களுக்கு இப்போதுதான் பூச்சாண்டி உத்தியோகம் கிடைக்கிறது. பெயரைக் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு பெண், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று "ஐ ஆம் எ மான்ஸ்டர்" என்று கத்தியது எதிர்வீடு வரை கேட்டது.

இன்னொரு விளையாட்டில் நான்தான் பேய். பிள்ளைகள் கையை நீட்டி "கோ அவே!" என்றால் நான் ஓரடி பின்னால் போக வேண்டும். அந்த வாரமே ஒரு அம்மா புகாரோடு வந்தார். "மிஸ், பூச்சாண்டி வரான்னா 'கோ அவே'ங்கிறான். இனி எதைச் சொல்லி ஊட்டுறது?"

சொல்லையும் உடம்பையும் சேர்த்துப் பழக்குவதை ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலேயே ஒரு கற்பித்தல் முறையாக்கினார். முதலில் கேட்டுச் செய்தால் போதும், பேச்சு பிறகு வரட்டும் என்பது அவர் கட்சி. அதனால் வாய் திறக்காத பிள்ளையும் முதல் வாரம் வெறுமனே ஓடட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

உச்சரிப்புக்கும் இந்தப் பேய்ச் சொற்கள் நல்ல தீனி. ஸ்பைடர், ஸ்கெலிட்டன், ஸ்கேரி. தமிழில் சொல் இரண்டு மெய்யோடு தொடங்காது என்பதால் நம் பிள்ளைகளுக்கு இஸ்பைடர், இஸ்கெலிட்டன்தான். பாம்பு மாதிரி "ஸ்ஸ்ஸ்" என்று இழுத்துவிட்டுப் பிறகு "பைடர்" சொல்லச் சொல்வேன். பாதிப் பேருக்கு வந்துவிடும். மீதிப் பேர் பாம்பாகவே இருந்துவிடுகிறார்கள்.

கலாசாரம் பேசிய தாத்தாவுக்கு: ஹாலோவீன் என்பது நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தைய இரவு. மறுநாள் 2ஆம் தேதி நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்களே, அது இதற்கு அடுத்த வீடுதான். அயர்லாந்தில் டர்னிப் என்ற கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கினார்கள். அமெரிக்கா போன பிறகு கைக்குக் கிடைத்தது பூசணி. கெட்டதை விரட்டத்தான். நாமும் புது வீட்டு வாசலில் பூசணிக்காயில் மீசை வரைந்து கட்டித் தொங்கவிடுகிறோம். போன வருடம் அதைக் காட்டித்தான் "பம்ப்கின்" சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தி மட்டும் "மிஸ், இதுக்கு ஏன் மீசை?" என்றாள். தமிழில்தான் கேட்டாள், பரவாயில்லை.

பள்ளிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று மட்டும். அந்த பிளாஸ்டிக் முகமூடியை விட்டுவிடுங்கள். பிள்ளைக்கு மிஸ் வாய் அசைவது சரியாகத் தெரியாது, பிள்ளை பேசுவது மிஸ்ஸுக்குக் கேட்காது. காகிதத்தில் இரண்டு காது வெட்டித் தலையில் ஒட்டினால் போதும்.