எங்கள் கிணற்றின் இலக்கம்

எங்கள் கிணற்றுக் கட்டில் சிவப்புப் பெயின்றில் ஓர் இலக்கம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் தண்ணீர் பரிசோதிக்க வந்தவர்கள் எழுதிவிட்டுப் போனது. இரண்டு போத்தலில் தண்ணீர் எடுத்தார்கள், போனில் இடத்தைக் குறித்தார்கள், அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். "றிப்போட் வரும் அம்மா" என்றார்கள். வரவில்லை. இரண்டு தடவை போய்க் கேட்டேன். மேலிடத்துக்கு அனுப்பியாச்சு என்பதோடு கதை முடிந்தது. அம்மா இன்றைக்கும் அந்தத் தண்ணீரில்தான் தேத்தண்ணி போடுகிறார்.

போன மாரியில் அக்காவின் மகன் யாழ்ப்பாணத்து அராலிப் பக்கம் பூநாரைக் கூட்டம் ஒன்றைக் கண்டு, எண்ணி, ஈபேர்ட் செயலியில் பதிந்தான். அமெரிக்காவின் கோர்னெல் பறவையியல் ஆய்வகத்தினர் 2002இல் தொடங்கியது அது. அதில் சேரும் கணக்குகள் ஜிபிஐஎஃப் என்கிற உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்துக்கும் போகின்றன. பல நாட்டு அரசுகள் சேர்ந்து 2001இல் உருவாக்கிய அமைப்பு, தலைமையகம் கோப்பன்ஹேகனில். 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள், யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். சரி, அராலியில் நின்ற பூநாரைகள் எத்தனை என்று பிரேசிலில் இருக்கும் மாணவிகூடப் பார்க்கலாம். உரத்திலும் மலக்கழிவிலும் இருந்து வரும் நைத்திரேற்று எங்கள் வளவுக் கிணற்றில் எவ்வளவு என்று எங்களால் பார்க்க முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிற்கும் மழைத்தண்ணீர்தான் எங்களுக்கு எல்லாம். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். வெங்காயத் தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியில் ஊறுவதும் பெரிதாக வடிபடாமலே அடுத்த வளவுக் கிணற்றுக்கு வந்துவிடும். குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. அதற்கு மேலே போன தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகக்கூடும். 1980களிலிருந்தே இங்கே இதைப் பற்றி ஆய்வு நடக்கிறது. அத்தனை எண்களும் எங்கே? ஆய்வேடுகளில், அலுவலக அலுமாரிகளில், காசு கட்டி வாசிக்கும் ஆங்கிலச் சஞ்சிகைகளில். கிணற்றுக்காரர் வீட்டில் மட்டும் இல்லை.

வெளியே சொன்னால் சனம் பயந்துபோகும் என்கிறார்கள். சுன்னாகத்தில் நாங்கள் கண்டது நேர்மாறு. மின்நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்துவிட்டது என்ற கதை கிளம்பியபோது ஓர் அறிக்கை இருக்கிறது என்றது, இன்னொன்று இல்லை என்றது. எந்தக் கிணற்றில், எந்தத் திகதியில், எவ்வளவு என்ற விபரம் எங்கள் கையில் இருக்கவில்லை. பயத்தை வளர்த்தது அதுதான். குழந்தைக்குப் போத்தல் தண்ணீர் வாங்கக் காசில்லாத வீடுகளை நான் பார்த்தேன். கடைசியில் 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மின்நிலையத்தை நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. வழக்கு 2015இல் போட்டது. நான்கு வருடம் சனம் எந்தத் தண்ணீரைக் குடித்தது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இலங்கையில் 2016இல் வந்த நல்ல சட்டம்தான். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்க முடியாது, 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். ஆனால் கிணற்றுக்கு ஒரு விண்ணப்பம் என்று ஊர் முழுக்க எழுதிக்கொண்டிருக்க முடியுமா? அப்படி எழுதினாலும் ஸ்கேன் பண்ணிய மங்கல் தாள் ஒன்று கையில் வந்தால் அதை வைத்து என்ன கணக்குப் பார்ப்பது? மாரியில் ஒரு தண்ணீர், கோடையில் இன்னொரு தண்ணீர் என்று இருக்கிற நிலம் இது. இடம், திகதி, கிணற்றின் ஆழம், அளவு எல்லாம் வரிசையாக உள்ள எக்ஸெல் கோப்பாக, தமிழ்த் தலைப்போடு, கேட்காமலே இணையத்தில் கிடக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அப்படியே திறந்துவிடச் சொல்லவில்லை. அருகிவரும் உயிரினம் கூடு கட்டும் இடத்தைத் துல்லியமாகப் போட்டால் வேட்டைக்காரனுக்கு வழி காட்டியதாகிவிடும். கண்ட உயிரினங்களை யாரும் பதியக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் தளம் அப்படியான பதிவுகளின் இடத்தைத் தானாகவே மங்கலாக்குகிறது. கிணற்றிலும் சொந்தக்காரரின் பெயரை எடுத்துவிட்டு, கிராம அலுவலர் பிரிவோடு நிறுத்தலாம். காணி விலை குறைந்துவிடும் என்ற பேச்சை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்தக் காணியை வாங்கப்போகிறவருக்கும் பிள்ளைகள் இருக்கும்.

எங்களுக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் எங்கள் பழைய பத்திரிகையும் மலரும் யாரும் வாசிக்கக் கிடக்கின்றன. பெரும்பாலும் சாதாரண ஆட்கள் சேர்ந்து செய்த வேலை. புத்தகத்துக்குச் செய்ததைத் தண்ணீருக்கும் செய்யலாம்.

திங்கட்கிழமை எங்கள் கிணற்று இலக்கத்தைப் போட்டு விண்ணப்பம் கொடுக்கிறேன். உங்கள் கிணற்றுக் கட்டிலும் இப்படிச் சிவப்பு இலக்கம் இருந்தால், மழையில் அழிவதற்கு முன் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்போம்.