பாந்தியோனின் முகப்பெழுத்து பற்றி ஒரு திருத்தம்

ரோமிலுள்ள பாந்தியோன் என்னும் பழங்காலக் கோயிலின் முகப்பில் ரோமானியத் தளபதி அக்ரிப்பாவின் பெயர் இருப்பதால், இன்று நிற்கும் கட்டடம் கி.மு. 27இல் அவர் எழுப்பியதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ‘லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது கட்டினார்’ என்ற வாசகத்தையும், கான்சல் என்ற அந்த உயர் ஆட்சிப் பதவிக்காலத்தின் ஆண்டையும் அவர் சரியாகவே தந்துள்ளார், முடிவுதான் தவறு. அக்ரிப்பாவின் கட்டடம் கி.பி. 80இல் தீக்கிரையானது, பேரரசர் டொமிஷியன் காலத்தில் புதுப்பிக்கப்பட்ட கட்டடமும் 110 வாக்கில் மின்னல் தாக்கி எரிந்தது. 1892இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் ஷெதான் சுவர்களை ஆராய்ந்தபோது, செங்கற்களில் சூளைக்காரர்கள் இட்டிருந்த இலத்தீன் முத்திரைகள் பிற்காலப் பேரரசர்களான டிராஜன், ஹேட்ரியன் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்தவை எனத் தெரியவந்தது. ஊரே பார்க்கும் முகப்பெழுத்தைவிட, காரைக்குள் மறைந்து கிடந்த இந்தச் சிறு முத்திரைகளே காலக்கணிப்பில் உறுதியான சாட்சி என்பது என் கருத்து. தாம் புதுப்பித்த கட்டடங்களில் ஹேட்ரியன் தம் பெயரைத் தவிர்த்து, முதலில் கட்டியவரின் பெயரையே பொறிக்கச் செய்தார் என்று அவரது பழைய வாழ்க்கை வரலாறும் கூறுகிறது. மேலும், அக்ரிப்பாவின் பெயருக்குக் கீழே (படங்களில் பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடும்) சிற்றெழுத்து வரிகள் உள்ளன. அவை கி.பி. 202இல் பேரரசர்கள் செப்டிமியஸ் செவெரஸும் கராகல்லாவும் கட்டடத்தைப் பழுதுபார்த்ததைக் கூறுகின்றன.