21 நாள் கணக்கு காதல் பிரிவுக்கானது அல்ல

மேலே ஒருவர் எழுதியிருப்பது இது: பிரிந்துபோனவரோடு 21 நாள் பேசாமலும் அவர் பதிவுகளைப் பார்க்காமலும் இருந்தால் மூளை அவரை மறந்துவிடும், ஆய்விலேயே நிரூபித்துவிட்டார்கள். நிறைய பேர் பகிர்வதால் ஒரு சின்னத் திருத்தம்.

தொடர்பைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பது பலருக்கு உதவும். அதை நான் மறுக்கவில்லை. சிக்கல் அந்த 21ல்தான். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல் வெளியிட்ட 'சைக்கோ சைபர்நெட்டிக்ஸ்' நூலிலிருந்து பரவிய எண் அது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழக, குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தன் அனுபவத்தில் கண்டதை எழுதினார். காதல் முறிவை அவர் அளக்கவே இல்லை. ஆனால் இதை நம்பியவர், 22ஆம் நாள் காலையில் விரல் தானாகப் பழைய சாட்டைத் திறந்தால், தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார். (பாவம், ஏற்கெனவே நொந்துபோயிருப்பவர்.)

சரிபார்ப்பது சுலபம். அந்த நூலில் 21 வரும் இடத்தைத் தேடி, முன்னும் பின்னும் நாலு வரி படியுங்கள். அப்புறம் பிலிப்பா லாலி குழுவினர் பழக்கங்கள் பற்றி வெளியிட்ட ஆய்வின் சுருக்கத்தைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற அன்றாடப் பழக்கம் ஒன்று படிவதற்கே ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று அதில் இருக்கிறது.