பள்ளியும் பல்லியும் ஒன்றாகிப் போன இடம்

சென்ற மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், ஏழாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி கோடை விடுமுறையைப் பற்றிப் பத்து வரி எழுதினாள். அதில் ஒரு வரி "பல்லி திரந்ததும் தோழிகளைப் பார்ப்பேன்" என்று இருந்தது. மகளை அழைத்துப் போக வந்த அவள் தந்தை அதைப் படித்துவிட்டு, "எல்லாம் இந்த வாட்ஸ்அப் பண்ற வேலைங்க. போனைப் பிடுங்கி வெச்சாத்தான் சரிப்படும்" என்றார். பெங்களூரில் எட்டு ஆண்டுகளாக இந்த வகுப்பை நடத்தும் எனக்கு அந்தக் கோபம் புதிதல்ல. அதில் நியாயம் உண்டு என்றாலும், அது விழ வேண்டிய இடத்தில் விழவில்லை என்றே நினைக்கிறேன்.

குறுஞ்செய்தியில் சொற்களைச் சுருக்கி எழுதுவதால் பிள்ளைகளின் எழுத்தறிவு கெடுகிறது என்ற பேச்சு, கைப்பேசி பரவிய காலத்திலிருந்தே இருக்கிறது. இங்கிலாந்தின் கவென்ட்ரி பல்கலைக்கழகத்தில் பெவர்லி பிளெஸ்டர், கிளேர் வுட் ஆகியோர் 10 முதல் 12 வயது வரையுள்ள 88 பிள்ளைகளிடம் இதை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். சுருக்க வடிவங்களை அதிகம் கையாண்ட பிள்ளைகள் சொற்களைப் படிக்கும் திறனில் பின்தங்கியிருக்கவில்லை. சற்று மேலாகவே இருந்தார்கள். வயது கூடிய மாணவர்களிடம் நடந்த ஆய்வுகள் இவ்வளவு ஒருமுகமாகப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் சிறுவர்களிடம் கண்ட முடிவுக்குக் காரணம் எளிதில் விளங்குகிறது. 'கிரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி ஒலிக்குப் பதிலாக 8 என்ற எண்ணைப் போடும் பிள்ளைக்கு, அந்தச் சொல்லை ஒலிகளாகப் பிரிக்கத் தெரிந்திருக்கிறது. சரியான எழுத்துக்கூட்டலை அது பள்ளியில் நாள்தோறும் பார்க்கிறது. விதி தெரிந்த பிள்ளைதான் விதியோடு விளையாட முடியும். சுருக்கி எழுதுவது நமக்கும் புதிதல்ல. நம் தாத்தாக்கள் கடிதத்திலும் பத்திரத்திலும் வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படிக்கு ௸ என்று எழுதியவர்கள்தான்.

ஆகவே ஆங்கிலத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தமிழின் நிலை வேறு. இந்த ஊரில் பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் படிக்கிறார்கள். வாழும் ஊரின் மொழியைக் கற்பது கடமை என்பதால் கன்னடம் படிப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் தமிழை அவர்கள் எழுதும் ஒரே இடம் கைப்பேசியாகிவிட்டது, அங்கே அதை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். அந்த இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குத் துணையாக நின்ற மூல வடிவம் இவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது பிள்ளைகள் அல்லர், நாம்தான். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள் கிடைத்தன. தமிழில் அனுப்பினால் அது ஒருங்குறியாக (யூனிகோடு) சென்றதால் 70 குறிகள் மட்டுமே கிடைத்தன. அதிலும் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே கணக்கில் சேர்ந்தன. 'வணக்கம்' என்ற ஐந்து எழுத்துச் சொல் ஏழு இடத்தை எடுத்துக்கொண்டது. அன்றைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. காசும் இடமும் மிச்சமாகட்டும் என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதத் தொடங்கினோம், நானும் அப்படித்தான் எழுதினேன். இன்று அந்தத் தடைகளில் எதுவும் இல்லை. பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது, அதைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டோம்.

இதில் இழப்பது என்ன என்பதைப் பெற்றோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆங்கில எழுத்தில் நாம் எழுதுகிற முறையில் கலை, களை, காலை, காளை ஆகிய நான்கும் பெரும்பாலும் ஒரே எழுத்துக்கூட்டலாகிவிடுகின்றன. ல, ள ஆகியவற்றுக்கு அங்கே ஒரே எழுத்து. ந, ன, ண மூன்றுக்கும் ஒரே எழுத்து. ர, ற இரண்டுக்கும் அப்படியே. குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்ட யாரும் மெனக்கெடுவதில்லை. படிப்பவர் சூழலைக் கொண்டு ஊகித்துக்கொள்வதால் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது, தவறு தவறாகத் தெரிவதே இல்லை. அந்தப் பிள்ளை பள்ளியைப் பல்லி என்று எழுதியது கவனக்குறைவால் அல்ல. அவள் இதுவரை எழுதிய தமிழில் அந்த இரண்டு சொற்களும் ஒரே சொல்லாகத்தான் இருந்தன.

அன்று அவளுக்குப் புரியவைக்கக் கன்னடமே கைகொடுத்தது. எங்கள் ஊரின் ஒரு பகுதியான மாரத்தஹள்ளியின் பெயரில் வருவது எந்த 'ஹள்ளி' என்று கேட்டேன். யோசிக்காமல் கன்னடத்தில் சரியாக எழுதிக் காட்டினாள். சுவரில் ஊர்வதைக் கன்னடத்தில் எழுதச் சொன்னதும் 'ஹல்லி' என்று வேறு எழுத்தைப் போட்டாள். நம் பல்லிதான் அங்கே ஹல்லி என்று சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ல, ள வேறுபாடு அவளுக்குத் தெரியாமல் இல்லை; பள்ளியில் கன்னடம் வழியாக முறையாகக் கற்றிருக்கிறாள். தமிழில் அதைப் பயன்படுத்த அவளுக்கு இடம்தான் கிடைக்கவில்லை. (இன்றைய கன்னடம் ழவையும் றவையும் விட்டுவிட்டதால், அவ்விரண்டையும் நாமேதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.)

அந்த இடத்தைக் கைப்பேசியே கொடுக்க முடியும் என்பதால்தான் அதைப் பிடுங்க வேண்டாம் என்கிறேன். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ப, ள, ள, இ என்ற நான்கு விசைகளைத் தட்டினால் பள்ளி வந்துவிடும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் முறையும் இருக்கிறது, ஆனால் சொல்லை அது ஊகித்துக் கொடுத்துவிடுகிறது. நேரடியாகத் தமிழ் எழுத்தைத் தட்டும்போது லவா ளவா என்று ஒவ்வொரு முறையும் பிள்ளையே முடிவு செய்தாக வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும்.

அந்த மாணவியின் ஆயா அரூருக்குப் பக்கத்தில் இருக்கிறார். நாளிதழை ஒரு வரி விடாமல் படிப்பவர், ஆங்கில எழுத்து தெரியாதவர். பேத்தியிடமிருந்து அதுவரை அவருக்குப் போனவை படங்களும் குரல் பதிவுகளும்தான். அன்றே அவள் தந்தையின் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தேன். மூன்று வரி எழுத அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. மறுநாள் ஆயா தொலைபேசியில் அழைத்து, "கண்ணு, திறக்கறதுக்குப் பெரிய ற போடணும்" என்று திருத்தினாராம்.

எங்கள் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒன்பது வீடுகளின் கைப்பேசிகளில் இப்போது தமிழ் விசைப்பலகை இருக்கிறது. மீதமுள்ள ஐந்து வீட்டுப் பெற்றோரும் வரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடியும்போது ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கைப்பேசியைக் கொண்டு வாருங்கள், நானே அமைத்துத் தருகிறேன்.