பாலிசியில் எழுதிய தொகை அப்படியே கிடைக்குமா?

பழைய கிளாசிக் காருக்கு பாலிசியில் என்ன தொகை போட்டிருக்கிறதோ, வண்டி முழுசாக அழிந்தால் அது அப்படியே கையில் வரும் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் ஆமோதித்திருப்பதால் ஒரு சின்னத் திருத்தம்.

அது எல்லா பாலிசிக்கும் பொருந்தாது. 'அக்ரீட் வேல்யூ' என்பது இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகை. முழு இழப்பு என்றால் கழிவுத்தொகை (நாமே ஏற்க வேண்டிய பங்கு) போக அதைக் கொடுப்பார்கள். 'ஸ்டேட்டட் வேல்யூ' வேறு. அது நாம் சொல்லும் மதிப்பு, அவ்வளவுதான். இந்த வகையில் பெரும்பாலும் 'குறிப்பிட்ட தொகை அல்லது அன்றைய சந்தை மதிப்பு, எது குறைவோ அது' என்று ஒரு வரி இருக்கும். பத்து லட்சம் என்று எழுதியிருந்தாலும், மதிப்பீட்டாளர் ஆறு என்றால் ஆறுதான். பிரீமியம் மட்டும் பத்துக்குக் கட்டியிருப்போம்! பெயர்கள் ஒரே மாதிரி ஒலிப்பதால் குழப்பம் வருவது இயல்புதான்.

சரிபார்க்க யாரையும் நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து. முகப்புத் தாளில் உள்ள தொகையோடு நிறுத்தாமல், விதிமுறைகளில் முழு இழப்புக்கு எப்படிப் பணம் தரப்படும் என்ற பகுதியைப் படியுங்கள். 'எது குறைவோ' என்ற சொல் கண்ணில் பட்டால் அது அக்ரீட் வேல்யூ இல்லை. புரியாவிட்டால் நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் போனில் சொன்னது கிளெய்ம் நேரத்தில் நிற்காது.