மாடியில 3 கிலோவாட், கையில பனையோலை விசிறி

பன்னெண்டே கால் மணி. அக்னி நட்சத்திரம். மொட்டை மாடியில கால வெச்சா முறுகிடும், அப்படி ஒரு வெயில். அந்த வெயிலுக்கு நேரா மூஞ்சியக் காட்டிக்கிட்டு ஆறு சோலார் பேனல், 3 கிலோவாட், எல்லாம் என் காசு. கீழ ஹால்ல நான் பனியனோட, கையில பனையோலை விசிறி. ஏன்னா கரண்ட் போச்சு.

சோலார் மாட்டுனவங்க இப்பவே சிரிச்சிருப்பீங்க. எங்கம்மா சிரிக்கல. கிரைண்டர்ல அரிசி பாதி அரைஞ்சு நிக்குது.

"ஏம்ப்பா, வெயில் அடிக்குதுல்ல?"

"அடிக்குதும்மா."

"பேனல் மேலதான அடிக்குது?"

"ஆமாம்மா."

"அப்ப ஏன் ஃபேன் சுத்தல?"

மாட்டிக் குடுத்த பையனுக்கு போனப் போட்டேன். மூணு தடவ கட் பண்ணிட்டு நாலாவது தடவ எடுத்து, "சார் அது ஆன்-கிரிட் சார், லைன்ல கரண்ட் இருந்தாதான் ஓடும், சேஃப்டி சார்"ங்கிறான். நம்ம வீட்டு கரண்ட் செத்த லைன்ல ஏறி, கம்பத்துல நிக்கிற லைன்மேன் அண்ணன அடிச்சிடக் கூடாதாம். நியாயந்தான், ஒரு உயிரு, ஒத்துக்கிறேன். ஆனா தம்பி, இத காசு வாங்குறப்ப ஏன்டா சொல்லல? அப்ப என்ன சொன்ன? "78,000 மானியம் சார், ஒரு நாளைக்கு 12 யூனிட் சார், இனிமே அந்த பழைய இன்வெர்ட்டர் எதுக்கு சார் எடத்த அடைச்சுக்கிட்டு." நானும் கேட்டேன் பாரு. 2012-ல சென்னைய விட்டா மத்த ஊரெல்லாம் ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல இருட்டுல கெடந்தோமே, அப்ப கடன் வாங்கி வெச்ச இன்வெர்ட்டர், பேட்டரியோட சேத்து பழைய இரும்புக்குத் தள்ளி விட்டேன்.

"ஹைப்ரிட்டா மாத்தி பேட்டரி வெச்சுக்கலாம் சார், கொஞ்சம்தான் எக்ஸ்ட்ரா"ன்னான். எவ்ளோன்னு கேட்டேன். சொன்னான். ஃபேன் இல்லாமலே ஜில்லுன்னு ஆயிருச்சு.

இதுல எதிர் வீட்டுக்காரர் வேற. சோலாரும் கிடையாது கீலாரும் கிடையாது, அதே 2012 இன்வெர்ட்டர், அப்பப்ப டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துவாரு, அவ்ளோதான். ஜன்னல் வழியா அவர் ஃபேன் சுத்துறது தெரியுது. "என்ன தம்பி, சோலார் வீட்டுக்காரரு, இப்படி வேர்க்குது?"

டிவியில பாத்தா எரிசக்தி பாதுகாப்பு, 2030-க்குள்ள நிலக்கரி, எண்ணெய், கேஸ் இல்லாம 500 கிகாவாட்னு பேசிட்டே இருக்காங்க. பேனல எண்ணுறாங்க, பேட்டரிய எவன் எண்ணுறான்? இலங்கையில 2025 பிப்ரவரி 9, ஞாயித்துக்கெழமை, பாணந்துறை சப்ஸ்டேஷன்ல ஒரு குரங்கு கைய வெச்சுது, மொத்த தீவும் இருட்டு. எல்லாரும் குரங்கத் திட்டுனாங்க. ஆனா அன்னிக்கு லீவு நாள்ங்கிறதால லோடு கம்மி, வெயிலுக்கு சோலார் அமோகமா ஓடுது, ஒரு குலுக்கல் வந்தா தாங்கிப் பிடிக்க வேண்டிய அணை, அனல் நிலையத்து பெரிய டர்பைன் போதுமான அளவுக்கு சுத்தல. அங்கயாவது ஒரு குரங்கு தேவைப்பட்டுச்சு. இங்க எங்க தெரு டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸ் போனதுக்கே என் மாடியில இருக்க மின் நிலையம் தற்கொலை பண்ணிக்குது.

மூணே முக்காலுக்கு கரண்ட் வந்துச்சு. கூடவே மேகமும் வந்துச்சு. நல்லா இருங்கடா.

சரி, இருக்கிற வெயிலயாவது புடிப்போம், பேனல் மேல புறா போட்டு வெச்சிருக்கிறத கழுவி விடலாம்னா, ஆளுயரத்துக்கு மேல ஸ்டாண்ட் போட்டுத் தொலைச்சிருக்கானுங்க, ஏணி வேணும். ஏணி எங்க? எதிர் வீட்டுல. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாங்கிட்டுப் போனாரு மனுஷன். இது மே மாசம். கேட்டா, "ஓ, அது உங்க ஏணியா தம்பி?"