ஹார்ன்புளோவர் நிஜ கேப்டனா?

'கேப்டன் ஹொரேஷியோ ஹார்ன்புளோவர்' (1951) படத்தில் கிரிகரி பெக் நடித்த நாயகன், நெப்போலியன் போர்க்காலத்தில் உண்மையாகவே வாழ்ந்த பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் என்று ஒரு பேச்சு உலவுகிறது. இது தவறு. சி. எஸ். ஃபாரஸ்டர் 1937-இல் தொடங்கிய நாவல் வரிசைக்காகப் படைத்த கற்பனைப் பாத்திரம் அவர். படமும் அதில் மூன்று நாவல்களிலிருந்து எடுத்ததுதான்.

நம்பியவர்களை ரொம்பக் குறை சொல்லவும் முடியாது. நார்த்கோட் பார்க்கின்சன், ஆமாம், 'கிடைக்கும் நேரத்தை நிரப்பும்வரை வேலை நீளும்' என்ற 'பார்க்கின்சன் விதி' சொன்ன அதே ஆள், கடற்படை வரலாற்றாசிரியரும்கூட. அவர் 1970-இல் ஹார்ன்புளோவருக்கு நிஜ மனிதரைப் போலவே பிறப்பு முதல் இறப்பு வரை முழு வாழ்க்கை வரலாறு எழுதிவிட்டார். குறும்புதான்! அப்புறம், ஹொரேஷியோ என்பது புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் பெயரும்கூட; அதனால் இருவரையும் ஒருவராக நினைக்கவும் இடமுண்டு. ஆனால் படத்தின் கதை தொடங்கும் 1807-க்கு முன்பே, 1805-இல் டிரஃபால்கர் போரில் நெல்சன் இறந்துவிட்டார்.